அப்பாவின் லாங் சைஸ் நோட்டு

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டு பீரோவிலிருந்து ஒரு நோட்டு வெளியே வந்துவிடும். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. பழுப்புத் தாளில் ஒரு அட்டை, அது கிழிந்த பிறகு அதன் மேலேயே காலண்டர் தாளில் இன்னொரு அட்டை என்று தடித்துப் போயிருக்கும். அப்பா ஆயுதப்படையில் ஏட்டாக இருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பந்தோபஸ்து இல்லாத நாட்களில் அவரை ஆபீஸ் வேலைக்கு இழுத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். எங்கள் மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் காலையிலேயே அணிவகுப்பு நடக்கும். அந்த ஓராண்டில் நாடு முழுக்கப் பணியில் உயிர்விட்ட காவலர்களின் பெயர்களை அங்கே வாசிப்பார்கள். பட்டியல் ஆங்கிலத்தில் வரும். ஒரு வருடம் அதை வாசிக்க வேண்டிய அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, "ஏட்டையா, இதைத் தமிழ்ல பெரிய எழுத்தா எழுதிக் கொடுத்துருங்க, இங்கிலீஷ்ல பார்த்து வாசிச்சா வெளிமாநிலப் பேரெல்லாம் நாக்குல புரள மாட்டேங்குது" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் தொடக்கம். அதன் பிறகு யார் அதிகாரியாக வந்தாலும் அந்த வேலை அப்பாவுக்கே வந்து சேர்ந்தது. ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்த தாள்கள் எங்கே போயினவோ, ஆனால் அதற்கு முன்னால் அடித்துத் திருத்தி எழுதிப் பார்த்த பிரதி எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது.

எழுதிக் கொடுப்பதோடு அப்பா விட்டிருக்கலாம். ஆனால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தட்டை ஒதுக்கிவிட்டு அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். நான் அதே மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஆங்கிலத்தில் "டி" என்று ஒரே எழுத்து இருக்கும், அதை டகரமாகச் சொல்வதா தகரமாகச் சொல்வதா என்பதுதான் பெரிய தொல்லை. வங்காளத்துக்காரர் ஒருவரின் பெயரை "டுட்டா" என்று எழுதி வைத்திருந்தார், மறுநாள் என் பள்ளி இந்தி டீச்சரிடம் கேட்டுவரச் சொன்னார், அது "தத்தா" என்று அவர் சொன்னதும் அடித்துவிட்டு எழுதினார். மணிப்பூர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு வந்து, "அப்போ நாம போன வருஷம் கூப்பிட்டது பாதிப் பேரைத்தானா" என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டார். அம்மாவுக்கு இது புரியாது. கேட்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது, அந்த மைதானத்தில் யார் மணிப்பூரிலிருந்து வந்து நிற்கிறார்கள் என்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார், இன்னொரு தடவை வாசிப்பார்.

2009 அக்டோபரில் எழுதிய பக்கத்தில் ஒரு பெயர் மூன்று தடவை திருத்தப்பட்டிருக்கிறது. முதலில் "டுக்காராம் ஓம்பிள்". பிறகு "துக்காராம் ஓம்ப்ளே". கடைசியில், எங்கள் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற சி.ஆர்.பி.எஃப்.காரர் ஒருவர், மகாராஷ்டிரத்தில் பல வருடம் இருந்தவர், "ஓம்பளே. நம்ம ஊர் ள தான் ஏட்டையா, அந்த எழுத்து அவங்ககிட்டயும் இருக்கு" என்று சொன்ன பிறகு "துக்காராம் ஓம்பளே". அந்த ள-வை மட்டும் அப்பா அழுத்தி எழுதியிருக்கிறார். தாளின் பின்பக்கத்தில் தடவினால் இப்போதும் புடைப்பு தெரியும்.

ஓம்பளே யார் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். மும்பை காவல்துறையில் உதவி சப் இன்ஸ்பெக்டர். மும்பைத் தாக்குதல் நடந்த 2008 நவம்பர் 26 ராத்திரி கிர்காவ் சௌபாத்தியில் போட்டிருந்த தடுப்பில் காரை மறித்தபோது அதில் வந்த பயங்கரவாதி கசாப்பின் துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கையில் இருந்தது லத்தி. குண்டுகள் எல்லாம் அவர் உடம்பில் இறங்கின, பிடியை மட்டும் விடவில்லை, அதனால்தான் மற்ற காவலர்களால் கசாப்பை உயிரோடு பிடிக்க முடிந்தது. அசோக சக்கர விருது கொடுத்தார்கள். பிறகு 2021-இல் தானே பக்கம் கண்டுபிடித்த ஒரு குதிக்கும் சிலந்தி இனத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் அவர் பெயரையே வைத்தார்கள், "ஐசியஸ் துக்காராமி". இந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அப்பா சிரிக்கவே இல்லை. "நல்லது. இனிமே அந்தப் பூச்சி இருக்கிற வரைக்கும் யாராவது அந்தப் பேரைச் சொல்லித்தானே ஆகணும்" என்றார்.

சரி, ஏன் அக்டோபர் 21 என்று சொல்ல வேண்டும். இது தெரியாமலேயே நானும் பல வருடம் அந்த மைதானத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

1959. லடாக்கில் சாங் சென்மோ பள்ளத்தாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு இடம். லனக் லா கணவாய்ப் பக்கம் போகவேண்டிய குழுவுக்கு வழி பார்த்து வருவதற்காக அக்டோபர் 20-ஆம் தேதி அங்கிருந்து மூன்று அணிகள் கிளம்பின. இரண்டு அணிகள் அன்றைக்கே திரும்பிவிட்டன. மூன்றாவதாகப் போன இரண்டு காவலர்களும் சுமை தூக்கிப் போன ஒருவரும் வரவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரி சுமார் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு அவர்களைத் தேடிப் போனார். அவர் குதிரையில், மற்றவர்கள் நடந்து. நண்பகல் வாக்கில் மேட்டின் மேலிருந்து சீனப் படையினர் சுட்டார்கள், கையெறி குண்டு வீசினார்கள். கீழே இருந்தவர்களுக்கு ஒதுங்க மறைவே கிடையாது. பத்துப் பேர் இறந்தார்கள், காயம்பட்ட ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், மீதிப் பேர் தப்பி வந்தார்கள். இறந்தவர்களின் உடல்களைத் திருப்பிக் கொடுத்தது நவம்பர் 13-ஆம் தேதி. மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே முழுக் காவல் மரியாதையோடு தகனம் செய்தார்கள்.

அன்றைக்கு அந்த எல்லையில் நின்றது ராணுவம் இல்லை, சி.ஆர்.பி.எஃப்.காரர்களும் உளவுத்துறையைச் சேர்ந்தவர்களும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அந்தப் பகுதியை ராணுவத்திடம் கொடுத்தார்கள். 1960 ஜனவரியில் எல்லா மாநிலக் காவல்துறைத் தலைவர்களும் கூடிய மாநாட்டில், இனி அக்டோபர் 21-ஐ நாடு முழுக்கக் காவலர்களின் நினைவு நாளாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. இன்றைக்கும் ஒவ்வொரு ஆண்டும் பல மாநிலக் காவலர்கள் சேர்ந்த குழு ஒன்று அந்த மலைக்கு ஏறிப்போய் அங்கே இருக்கும் நினைவுச் சின்னத்தில் வணங்கிவிட்டு வருகிறது.

எனக்கு இந்தக் கதையில் மனசில் நிற்பது துப்பாக்கிச் சூடு இல்லை. காணாமல் போன மூன்று பேரைத் தேடிப் போனவர்கள் இவர்கள். கூட வேலை பார்த்தவன் ராத்திரி வீடு திரும்பவில்லை என்றால் காலையில் போய்த் தேடுவோமே, அந்த வேலைதான். மூன்றாவது ஆள் காவலர் கூடக் கிடையாது, கூலிக்குச் சுமை தூக்கப் போனவர். அவருக்கும் சேர்த்துத்தான் தேடப் போனார்கள்.

மைதானத்தில் நடப்பதையும் சொல்கிறேன், பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நினைவுத் தூணுக்கு முன்னால் அணி நிற்கும். சென்னையில் கடற்கரைச் சாலையில் டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் இருக்கிற நினைவிடத்தில் நடப்பதுதான் தொலைக்காட்சியில் வரும், ஆனால் மாவட்டங்களிலும் இதே முறையில்தான் நடக்கும். மலர் வளையம் வைப்பார்கள். துப்பாக்கிகளைத் தலைகீழாகத் திருப்பி, குழல் தரையைப் பார்க்க, காவலர்கள் தலை குனிந்து நிற்பார்கள். பியூகிள் ஊதும். அது முடிந்தபின் வருகிற அமைதியில் தூரத்துப் பேருந்து ஹார்ன், யாரோ ஒரு கைக்குழந்தை சிணுங்குவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். பிறகு வானத்தைப் பார்த்துக் குண்டு முழங்கும், மரத்தில் இருக்கிற காக்கை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். நாற்காலிகளில் முதல் வரிசையில் இறந்த காவலர்களின் குடும்பங்கள். சின்னப் பிள்ளைகள் குண்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

பெயர் வாசிப்பதுதான் நீளமான பகுதி. வருடக் கணக்கு செப்டம்பர் 1-இலிருந்து அடுத்த ஆகஸ்ட் 31 வரை. பெயர், பதவி, மாநிலம். வெயில் ஏற ஆரம்பிக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி நிற்பார்கள், சிலர் கைபேசியைப் பார்ப்பார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி நின்றவள்தான். 2010-இல்தான் எனக்கு அது மாறியது. அந்த ஏப்ரல் 6-ஆம் தேதி சத்தீஸ்கரில் தண்டேவாடா மாவட்டத்துத் தாட்மெட்லாவில் 76 பேர் ஒரே காலையில் மாவோயிஸ்டுகளால் கொல்லப்பட்டார்கள். 75 பேர் சி.ஆர்.பி.எஃப்., ஒருவர் மாநிலக் காவலர். அந்த வருடம் அப்பாவுக்குக் கண் வலி, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் நிறைய. குமார், சிங், மறுபடி குமார். ஐம்பதைத் தாண்டியபோது, "ஒரே மாதிரி வருதுப்பா, எதை எழுதினேன் எதை எழுதலைன்னே தெரியல" என்றேன். அப்பா எழுந்துவந்து ஸ்கேலை எடுத்து வரிக்குக் கீழே வைத்தார். "ஒரு பேரைப் பார்க்கும்போது அடுத்த பேர் தெரியக் கூடாது. அப்படி எழுது" என்றார். அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் எழுதினோம். இன்றைக்கும் செய்தியில் 76 என்று அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குக் கை வலிதான் ஞாபகம் வரும். அதற்காக அப்பாவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் அது எனக்கு வெறும் எண்ணாகவே இருந்திருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டு யோசித்தது 2019-இல். புல்வாமாவில் பிப்ரவரி 14 அன்று இறந்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் இரண்டு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரன். அப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் அவரிடம் பழகின சின்னப் பையன்கள் யாராவது பட்டியலை அனுப்பிவிடுவார்கள், அவரும் வழக்கம்போல எழுதுவார். அந்த அக்டோபரில் திடீரென்று கேட்டார். "பஞ்சாப்ல, நாகாலாந்துல எல்லாம் இன்னைக்கு யாரோ ஒருத்தர் சிவச்சந்திரன்னு வாசிச்சிருப்பார்ல? சரியா சொல்லியிருப்பாரா?" எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எங்கோ ஒரு மைதானத்தில், தமிழே கேட்டிராத ஒரு ஏட்டு, முந்தின ராத்திரி சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு "சிவச்சந்திரன்" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்திருப்பார் என்று நம்பத்தான் எனக்கு விருப்பம்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு வருகிறேன். உச்சரிப்பில் நமக்குச் சிக்கலே இல்லாத பெயர்கள், ஆனால் எத்தனை ஞாபகத்தில் இருக்கின்றன?

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி இறந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குண்டில் காவல்துறையைச் சேர்ந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர் ராஜகுரு, சந்திரா என்ற பெண் காவலர் என்று. அந்த வழக்கைப் பற்றி முப்பது வருடமாகப் பேசியிருக்கிறோம், தீர்ப்பு, மேல்முறையீடு, விடுதலை என்று எத்தனையோ விவாதம் பார்த்தோம், எந்தப் பக்கம் நின்று பேசினவர்களும் அதில் சந்திராவின் பெயரைச் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு. பந்தோபஸ்துக்கு வந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்றவர் அவர்.

2020 ஜனவரி 8, களியக்காவிளை சோதனைச் சாவடி. சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் பணியில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடி ஒருவனைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் 2017 டிசம்பரில் நகைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தான் பாலி மாவட்டம் வரைக்கும் போய் அங்கே இறந்தார். கொள்ளையர்கள் சுட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது, கூடப் போனவரின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பாய்ந்தது என்று அந்த மாநிலப் போலீஸ் விசாரணையில் பிறகு சொன்னார்கள். அது வந்ததும் சிலர் அவர் மரணத்தையே ஏதோ குறைந்துபோனது மாதிரிப் பேசினார்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பாஷை தெரியாத ஊரில், அடுத்தவர் வீட்டு நகைக்காக ராத்திரி இருட்டில் போனவர் அவர். யார் துப்பாக்கிக் குண்டு என்பதால் அது மாறிவிடுமா?

அப்புறம் பூமிநாதன். இவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்துச் சிறப்பு உதவி ஆய்வாளர். 2021 நவம்பர் 21 அதிகாலை, ரோந்தில் இருந்தபோது ஆட்டைத் திருடி பைக்கில் வைத்துக் கொண்டுபோனவர்களைப் பார்த்தார். நிற்கச் சொன்னார், நிற்கவில்லை. தன் பைக்கிலேயே துரத்தினார். தன் நிலைய எல்லையைத் தாண்டி, மாவட்ட எல்லையும் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டியில் போய் மடக்கிப் பிடித்தார். அங்கே வைத்து அவரை வெட்டிக் கொன்றார்கள். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல மனுஷர்தான், "போயும் போயும் ஒரு ஆட்டுக்காகவா உயிரை விட்டார்" என்றார். அதை நான் வீட்டில் வந்து சொன்னேன். அப்பா அன்றைக்குப் போல் பேசி நான் பார்த்ததில்லை. ஆடு வளர்க்கிறவங்க யாருன்னு தெரியுமா உனக்கு என்று ஆரம்பித்தார். பெரும்பாலும் தனியாக இருக்கிற பொம்பளைங்க, வயசானவங்க. ரெண்டு ஆடு, மூணு ஆடு. பேத்திக்குக் காது குத்த, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, பள்ளிக்கூட ஃபீஸுக்கு என்று ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கும். காலையில் எழுந்து பட்டியைப் பார்த்தால் கயிறு அறுந்து கிடக்கும். ஸ்டேஷனுக்கு வந்தால் பாதி இடத்தில் ஆட்டுக்கெல்லாம் கேஸா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், நானே பார்த்திருக்கேன் என்றார். "அந்த மனுஷன் விரட்டிட்டுப் போயிருக்கான் பாரு. அதுவும் தனியா. எல்லை முடிஞ்சிருச்சுன்னு வயர்லெஸ் மைக்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பியிருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க." இதைச் சொல்லும்போது அப்பா குரல் கம்மிவிட்டது.

பூமிநாதன் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாயும் அரசு வேலையும் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, 2022 அக்டோபர் 21-ஆம் தேதிப் பட்டியலில் அவர் பெயர் வரும் என்று அப்பா நவம்பரிலேயே நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி மேலே எழுதி வைத்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. போலீஸ் என்றாலே நிறையப் பேருக்கு வயிறு கலங்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனுமாக இரண்டு பேர் காவலில் அடிபட்டு இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் அந்த வாரம் அப்பா யாரோடும் பேசவில்லை. "இந்தத் துணியைப் போட்டுக்கிட்டு இதைச் செஞ்சா, இதைப் போட்டுக்கிட்டுச் செத்தவனுக்கு என்ன மரியாதை இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். வீரவணக்கப் பட்டியலைக் காட்டி லாக்கப் மரணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்களை அடக்கப் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே மாதிரி, லாக்கப்பைக் காட்டி பூமிநாதனுக்கு ஒரு நிமிடம் எழுந்து நிற்க மாட்டேன் என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டு கோபமும் எனக்கு ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது.

டில்லியில் சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகம் இருக்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று திறந்தார்கள். நடுவில் முப்பது அடி உயரத்தில் 238 டன் எடையுள்ள ஒரே கருங்கல். அதைவிட முக்கியம், பெயர்கள் பொறித்த சுவர். திறந்தபோது சுதந்திரத்துக்குப் பின் உயிர்விட்ட 34,844 பேரின் பெயர்கள். 2023-இல் அந்தக் கணக்கு 36,250 ஆகிவிட்டது, அந்த ஓராண்டில் மட்டும் 188 பேர். வேலை விஷயமாக டில்லி போனபோது ஒரு நாள் அங்கே போனேன். அப்பா ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார், கமலேஷ் குமாரி பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி. 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலில் இறந்த சி.ஆர்.பி.எஃப். பெண் காவலர், கையில் ஆயுதம் இல்லை, வயர்லெஸ் செட் மட்டும்தான். கத்தி எச்சரித்ததால்தான் மற்றவர்கள் சுதாரித்தார்கள், அவர் மேல் குண்டுகள் பாய்ந்தன. அவருக்கும் அசோக சக்கர விருது. அன்றைக்கு நேரம் போதாமல், அவர் பெயர் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமலேயே திரும்பினேன். வேறு யார் யாரோ பெயரைக் கையால் தடவிவிட்டு வந்தேன். போனில் அப்பாவிடம் சொன்னபோது, "பரவாயில்ல, யார் பேரைத் தொட்டியோ அவங்களுக்கும் இன்னைக்கு ஒரு ஆள் வந்ததா இருக்கட்டும்" என்றார்.

இனி, நோட்டின் கடைசிப் பக்கம்.

காவலர் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருந்தார். அவரும் ஏட்டு. அவர் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்று எங்கள் வீட்டில் எண்ணலாம், சுவர் அவ்வளவு மெல்லிசு. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ராத்திரி நெடுஞ்சாலையில் வாகனச் சோதனையில் நின்றிருந்தார், நிற்கச் சொல்லிக் கை காட்டிய லாரி நிற்காமல் அவர் மேல் ஏறிப் போய்விட்டது. அடித்துவிட்டு ஓடிய லாரியைக் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. சாலை விபத்து என்று எழுதினார்கள். அந்த வருட அக்டோபர் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அப்பா பட்டியலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்று தடவை பார்த்தார். ஆபீஸில் போய்க் கேட்டார், மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். அடுத்த வருடமும் வரவில்லை.

அந்த அத்தை பட்ட பாட்டைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தோம். வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம், ஓய்வூதியத்துக்கு ஒரு அலுவலகம், கருணை அடிப்படை வேலைக்கு மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அதற்கு ஒரு அலைச்சல். ஒவ்வொரு கவுண்டரிலும் "இறந்தவர் பெயர்?" என்று கேட்பார்களாம். வீட்டில் அவர் பெயரைச் சொல்லியே பழக்கமில்லாதவர். முதல் தடவை கேட்டபோது வாயில் வரவே இல்லை, தாளை நீட்டிக் காட்டினேன் என்று அம்மாவிடம் சொல்லி அழுதார். குடியிருப்பைக் காலி செய்துகொண்டு போகிற அன்று மாமாவின் பெல்ட்டும் தொப்பியும் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார், பிள்ளைகள் பார்த்தால் தூங்க மாட்டார்கள் என்று. பிறகு வேலை கிடைத்தது, இளநிலை உதவியாளராகச் சேர்ந்து பிள்ளைகள் இரண்டையும் படிக்க வைத்தார். இப்போதும் அக்டோபர் 21 அன்று அப்பாவுக்கு அவரிடமிருந்து போன் வரும். என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள், மழை பெய்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, இதுதான்.

பட்டியலில் வராத அந்தப் பெயரை அப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் மைதானத்திலிருந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல், வீட்டில் ஒரு தடவை முழுப் பட்டியலையும் வாசிப்பார். முடிந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அதையும் வாசிப்பார். பெயர், பதவி, தமிழ்நாடு.

போன அக்டோபரில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்னை வாசிக்கச் சொன்னார். நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து வாசித்தேன். அசாம் பெயர் ஒன்றில் தடுக்கினேன், திருத்தினார், திரும்பச் சொன்னேன். காஷ்மீர்ப் பெயர் ஒன்று, அதையும் திருத்தினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள். எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். வருடக் கணக்கில் மாமா, மாமா என்றே கூப்பிட்டதால் அந்தப் பெயரை நான் என் வாயால் சொன்னதே கிடையாது. சொன்னேன்.

"இனிஷியலை விட்டுட்ட" என்றார் அப்பா.

இனிஷியலோடு திரும்பச் சொன்னேன்.